எழுநூற்று முப்பத்தொரு சுற்று

என் அண்ணனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் தபால் வேலை. காலையில் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு சைக்கிளில் டவுனுக்கு இறங்குவான். தபால் கந்தோரில் பையை மாற்றிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்குள் ஏறி வந்துவிடுவான். போக ஆறு மைல், வர ஆறு மைல். போவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிரேக் கட்டை தேய்வதோடு சரி. வருவதுதான் பெரிய காரியம். அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைப் பாதை அது. பஸ்ஸே முனகிக்கொண்டுதான் ஏறும். மற்றத் தோட்டத்துத் தபால்காரர்கள் பாலத்தடியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். அண்ணன் இறங்கமாட்டான். ஏன் இப்படி உயிரைக் கொடுக்கிறாய் என்று அம்மா கேட்டால், "எறங்குனா மறுபடி ஏறணும்லம்மா" என்பான்.

அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. அம்மா கொழுந்து எடுக்கப் போனாள். நான் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன் என்பதால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தார்கள். லயத்து வரிசை வீட்டில் ஒரே அறைக் காம்பரா, நாங்கள் மூன்று பேர்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது எனக்குப் பத்து வயது. அதன்பிறகு பதிவுக்கு மனுப் போடலாம் என்றார்கள், எல்லோரையும்போல அம்மாவும் போட்டாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தன் தம்பி கல்யாணத்துக்காக அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு திருச்சிப் பக்கம் போய், காய்ச்சலில் படுத்து, எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்திருந்தாள். தொடர்ந்து இங்கே இருக்கவில்லை என்று அந்த எட்டு மாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மனு தள்ளுபடியான கடிதம் தபாலில் வந்தது. அதைப் பையில் போட்டு ஆறு மைல் ஏற்றிக்கொண்டு வந்தவன் அண்ணன்தான். பெரிய கிளாக்கர் உறையைப் பிரித்து வாசித்துச் சொல்லும்வரை அது எங்கள் வீட்டுக் கடிதம் என்று அவனுக்குத் தெரியாது.

ஒருநாள் டவுன் பள்ளிக்கூடத்துக் கணக்கு மாஸ்டர் பஸ்ஸில் எங்கள் பக்கம் வந்திருக்கிறார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், விளையாட்டுக்கும் அவர்தான் பொறுப்பு. வெள்ளைக் காற்சட்டையும் கையில் நல்ல கடிகாரமுமாக இருப்பார். பஸ் ஏறுகிற அதே வேகத்தில் பக்கத்தில் ஒருவன் தபால் பையோடு ஏறுவதைப் பார்த்துவிட்டு, எங்கள் தோட்டச் சந்தியில் இறங்கிக் காத்திருந்தாராம். மறு வாரம் லயத்துக்கே வந்துவிட்டார். உட்காரப் பலகையைத் துடைத்துப் போட்டோம்.

"நீர் உதை எத்தினை வருசமாச் செய்யிறீர்?"

"எட்டு வருஷமா போறேனுங்க."

"ஒரு நாளும் இறங்கினதில்லையோ?"

"செயின் அறுந்தா எறங்குவேனுங்க."

மாஸ்டர் சிரித்தார். கொழும்பில் சைக்கிள் ஓட்டத்துக்கென்றே வளைவுகளில் சரித்துக் கட்டிய சிமெந்துப் பாதை இருக்கிறதாம். அதில் பன்னிரண்டு மணி நேரத்தில் யார் கூடுதலான தூரம் ஓடினார்கள் என்று கணக்கு வைத்திருக்கிறார்களாம். இலங்கையில் அதுவரை ஓடியவர் நூற்று எண்பது மைலுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடியிருக்கிறாராம். முறையாக அளந்து, சாட்சி வைத்து ஓடினால் எங்கே ஓடினாலும் கொழும்பிலுள்ள சைக்கிள் சங்கம் ஏற்றுக்கொள்ளும் என்றார். டவுன் கிரவுண்டைச் சுற்றிப் பாதை போடலாம். நாலு சுற்றுக்கு ஒரு மைல். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் என்று பன்னிரண்டு மணி நேரம் பிசகாமல் ஓடினால் எழுநூற்றிருபது சுற்று, அதாவது சரியாக நூற்று எண்பது மைல். அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு சுற்றும் சாதனை.

அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பேர எழுதுவாங்களா?"

"எழுதாமல்? புத்தகத்தில எழுதுவாங்கள். பேப்பரில போடுவாங்கள்."

அந்த ஆசையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அண்ணனுடைய ஆசையை அல்ல, அதை அவ்வளவு சுலபமாகத் தட்டி எழுப்பிவிட்டவரை.

மூன்று மாதம் ஆயத்தம் நடந்தது. கல்லுடைக்கிற இடத்துத் தூளைக் கொட்டி, கிரவுண்டைச் சுற்றி உருளை போட்டார்கள். மாஸ்டர் சங்கிலி பிடித்து மூன்று முறை அளந்தார். ஆபீஸ் சைக்கிள் சரிவராது என்று டவுனில் சைக்கிள் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி தன்னிடமிருந்த நல்ல சைக்கிளைக் கொடுத்தார். அண்ணன் அவரை நானா என்று கூப்பிடுவான். அவர் மட்கார்ட், கேரியர், மணி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, "தம்பி, இனி இதுல ஓடுறதுக்குத் தேவையானது மட்டுந்தான் ஈக்குது" என்றார். அண்ணன் தபால் வேலையையும் விடவில்லை. பை போட்டுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கிரவுண்டைச் சுற்றினான்.

என் வேலை கொப்பியில் கணக்கு எழுதுவது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. எத்தனையாவது சுற்றில் என்ன குடித்தான், என்ன சாப்பிட்டான், எப்போது கால் பிடித்தது, எப்போது வேகம் குறைந்தது, எல்லாம் எழுதினேன். அந்த மூன்று மாதத்தில் நாங்களே அனுபவித்துக் கண்டுபிடித்த விஷயங்கள் அதில் இருந்தன. நாற்பது சுற்றுக்கு ஒருமுறை வெறுந்தேயிலை, உப்பும் சீனியும் போட்டு. ரொட்டியை முழுதாகத் தின்றால் வயிறு பிசையும். தேங்காய் குறைத்துச் சுட்டு, விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தால் தங்கும். வாழைப்பழம் பகலுக்கு முன்னால் மட்டும். கால் மரத்தால் நிறுத்தாமல் ஐந்து சுற்று மெதுவாக ஓட வேண்டும், நிறுத்தினால் முடிந்தது. இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் பார்த்தது இல்லை. அண்ணனின் உடம்பு எங்களுக்குச் சொன்னது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மாஸ்டர் விசில் ஊதினார். புல்லெல்லாம் பனி வெளுத்துக் கிடந்தது. அண்ணன் பழைய கம்பளியைக் கிழித்துக் கையில் சுற்றியிருந்தான். முதல் மணி நேரத்தில் அறுபத்துமூன்று சுற்று ஓடினான். "மெதுவா, மெதுவா" என்று மாஸ்டர் கத்தினார். எட்டு மணிக்கு மேல் சனம் வரத் தொடங்கியது. வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லாத நாள் என்பதால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் நடந்து வந்தார்கள். எங்கள் தோட்டத்துத் தொரை காரில் வந்து, இறங்காமலே பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, மாஸ்டரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டுவிட்டுப் போனார். அம்மா கடைசிவரை வேலியோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பாதையைப் பார்க்கவில்லை, என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகல் வெயிலில் உதடு வெடித்துவிட்டது. நானூறைத் தாண்டிய பிறகு பின் சில்லு காற்றுப் போய், நானா சில்லையே மாற்றிப் பூட்டினார். நாலு நிமிஷம் போயிற்று. அந்த நாலு நிமிஷமும் அண்ணன் உட்காரவில்லை, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தான். ஐந்நூறுக்கு மேல் என்னைக் கடக்கிறபோதெல்லாம் "எத்தன?" என்று கேட்டான். நான் சொன்னேன். அறுநூறில் வாந்தி எடுத்தான், சைக்கிளை விட்டு இறங்காமலே. நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கி எதிர்ப்பக்கத்து வளைவை மறைத்துவிட்டது. அவன் உள்ளே போவான். கொஞ்ச நேரம் செயின் சத்தம் மட்டும் வரும். பிறகு வெளியே வருவான். வருகிறவரைக்கும் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன்.

அறுநூற்றுத் தொண்ணூறுக்குப் பிறகு அவன் எண்ணிக்கை கேட்பதை விட்டுவிட்டான். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எழுநூற்றிருபதாவது கோட்டை நான் போட்டபோது சனம் கத்தியது. அதுவும் அவனுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆறு மணிக்கு விசில் ஊதியபோது எழுநூற்று முப்பத்தொன்று. விசிலும் கேட்காமல் இன்னும் இரண்டு சுற்று ஓடினான். நானாவும் வேறு இரண்டு பேரும் குறுக்கே போய்ப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த இரண்டு சுற்றையும் மாஸ்டர் சேர்க்கவில்லை. "ஒழுங்கெண்டா ஒழுங்கு" என்றார். எனக்கு அது அப்போது மிகவும் பிடித்தது. இவ்வளவு நேர்மையான மனுஷன் கையில் விஷயம் இருக்கிறது என்று நினைத்தேன்.

தபால் மாஸ்டர் சிங்களவர். நாள் முழுக்க இருந்து பார்த்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அண்ணனின் தோளில் கைவைத்து, "மல்லி, நாளைக்கு வர வேணாம். பையை நான் அனுப்புறேன்" என்று, தம்பியைச் சிங்களத்தில் அழைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அந்தக் காரியத்தில் சொன்னதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். மறுநாள் பை பஸ்ஸில் வந்தது.

சங்கத்துக்கு அனுப்பும் படிவத்தை நானா கடையில் வைத்து மாஸ்டர் இங்கிலீஷில் நிரப்பினார். பெயர், வயது, தூரம், சாட்சிகள். கீழே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"பிரஜாவுரிமை நம்பர். அது பாத்துக்கொள்ளலாம், பிள்ளை."

ஐந்து வாரம் கழித்து லயத்துக்கு வந்தார். முதல் தடவை போட்ட அதே பலகையைப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"தூரத்தில ஒரு பிழையும் இல்லையாம். அளவும் சரியாம். ஆனா இலங்கைச் சாதனை எண்டு எழுத ஆள் இலங்கைப் பிரஜையா இருக்க வேணுமாம்."

அண்ணன் கேட்டான்.

"ஓடுனது எந்த ஊர்லன்னு கேட்டாங்களாங்க?"

மாஸ்டர், "நான் விடமாட்டன், திரும்ப எழுதுறன்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் சரிங்க என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகு மாஸ்டர் என்னிடம் கொப்பியைக் கேட்டார். கொழும்புக்கு நேரில் போகிறேன், ஆதாரம் எல்லாம் காட்டினால் மனசு மாறலாம் என்றார். அத்தோடு நிற்கவில்லை. "நீர் நல்லா எழுதியிருக்கிறீர். பயிற்சிக் கல்லூரிக்கு நான் ஒரு கடிதம் தாறன். எங்கட தலைமை ஆசிரியரும் சொல்லுவார்" என்றார்.

அண்ணன் வரட்டும், கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பீலி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அவன் வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். பயிற்சி முடித்து, சேலையைச் சுற்றிக்கட்டி, உண்மையான டீச்சராக டவுன் பள்ளிக்கூடத்துக்குள் நடந்து போவதை அந்த ஒரு நிமிஷத்திலேயே கண்டுவிட்டேன். அண்ணனுக்கு இல்லாத நம்பர் எனக்கும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ட்ரங்குப் பெட்டியைத் திறந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.

கடிதமும் வரவில்லை, கொப்பியும் வரவில்லை. டவுனில் பார்த்தால் மாஸ்டர், "இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை" என்பார்.

அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை, அண்ணன் பையோடு ஆபீசுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தான். பெரிய கிளாக்கருக்கு வரும் தமிழ்ப் பேப்பர் அவன் கையில் பிரிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் தபால் பையிலிருந்த எதையும் அவன் பிரித்ததில்லை.

படத்தில் ஒரு வாலிபன் மாலையோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் மாஸ்டர். வாலிபன் மாஸ்டரின் அக்கா மகன், யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடமொன்றில் படித்தவனாம். கொழும்புச் சிமெந்துப் பாதையில் பன்னிரண்டு மணி நேரத்தில் நூற்று எண்பத்தொன்றரை மைல் ஓடிப் புதிய இலங்கைச் சாதனை நிலைநாட்டினான் என்று எழுதியிருந்தது. அண்ணன் ஓடியது அதைவிட ஒன்றேகால் மைல் கூட, அதுவும் கல்தூளில். கீழே, தாய்மாமனான ஆசிரியர் நீண்டகாலம் ஆராய்ந்து வகுத்த உணவு முறையே இந்த வெற்றிக்குக் காரணம் என்று இருந்தது. நாற்பது சுற்றுக்கு ஒருமுறை உப்பும் சீனியும் கலந்த தேநீர். விரல் நீளத்துக்கு வெட்டிய ரொட்டி. கால் மரத்தால் ஐந்து சுற்று மெதுவாக.

அண்ணன் பேப்பரைப் பழைய மடிப்பிலேயே மடித்தான்.

"நீ குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எங்கிட்ட கேக்கலியே?"

"எனக்கு டீச்சர் வேல வாங்கித் தாறேன்னாரு."

வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்றான். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான். அவன் அடித்திருந்தால், ஏசியிருந்தால், நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி அதை ஒரு சண்டையாக்கி முடித்திருப்பேன். அந்த "சரி"யை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் லீவு கேட்டுக்கொண்டு டவுனுக்கு நடந்தேன். மாஸ்டர் பள்ளிக்கூட மரத்தடியில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்தார்.

"கொப்பிய வாங்கிட்டுப் போக வந்தேனுங்க."

"அது கொழும்பில, சங்கத்தின்ட கையில." பிறகு குரலை இறக்கினார். "பிள்ளை, நான் பொய் சொல்லேல்லை. மூண்டு தரம் எழுதினனான். நேரிலயும் போனனான். அவங்கள் அசையேல்லை. நான் என்ன செய்யிறது?"

"எங்கண்ணன் பேர நீங்க பேப்பர்ல சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னா, அப்ப அவன் ஏன் சாதனைக்காரன் இல்லையெண்டு கேப்பினம். பிறகு இவன்ட சாதனைக்கும் பிரச்சினை வரும்." பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "எப்பிடியும் ஒரு தமிழன்ட பேரிலதானே இருக்கு. அதை நினைச்சுப் பாரும்."

நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன். சட்டம் செய்தவர்கள் எங்களைக் கண்ணால் கண்டதில்லை. இவர் எங்கள் பலகையில் உட்கார்ந்தவர், எங்கள் தேத்தண்ணீர் குடித்தவர், அண்ணன் வாந்தியெடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அவருக்கும் எங்கள் பெயர் வேண்டாம், கால் மட்டும் போதும் என்றாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு இப்படியெல்லாம் பேச வரவில்லை. "வாரேனுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மரியாதைதான் இப்போதும் உறுத்துகிறது.

நானா விஷயத்தைக் கேள்விப்பட்டு, கடையிலிருந்த அந்தச் சைக்கிளை அண்ணனுக்கே கொடுக்க வந்தார். "வச்சிக்கோங்க தம்பி, இத இனி யாருக்கும் விக்க எனக்கு மனசு வராது" என்றார். அண்ணன் வேண்டாமென்று கும்பிட்டு அனுப்பிவிட்டான்.

அதன்பிறகும் இரண்டு வருஷம் தபால் பை சுமந்தான். ஆனால் பாலத்தடியில் இறங்கி, மற்றவர்களைப் போலத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். பகல் சாப்பாட்டுக்கு வந்தவன் மூன்று மணிக்கு வந்தான். பெரிய கிளாக்கர் இரண்டு முறை எச்சரித்தார். கடைசியில் தொரை தபாலை லொறியில் அனுப்பச் சொல்லிவிட்டு, அண்ணனை மலைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட அனுப்பினார். அவன் அதற்கும் போனான். என்னோடு பேசாமல் இல்லை. உப்பு இருக்கா, அம்மாவுக்கு மருந்து வாங்கினியா என்பதுவரை பேசினான். அதற்கு மேல் இல்லை.

பிறகு ஒருநாள் கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். அப்போது யாரும் யாரையும் கட்டாயமாக அனுப்பத் தொடங்கவில்லை. இத்தனை லட்சம் பேரை எடுத்துக்கொள் என்று இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டது அதற்குப் பின்னால்தான். அம்மா வரமாட்டேன் என்றாள். அவளுடைய மனுஷனைப் புதைத்த மண் இங்கே இருக்கிறது. நானும் போகவில்லை. அவன் என்னைக் கூப்பிடவும் இல்லை.

கிளம்புகிற வாரம் அம்மா கேட்டாள்: "அங்க ஒனக்கு யார்றா இருக்கா? நீ பொறந்தது இங்க. எட்டு மாசம் பாத்த ஊரு, அதுவும் சின்னப் புள்ளையா. அங்க போயி என்னா செய்வ?"

அவன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"என்னமோ செய்வேன்மா. இங்க சொன்ன காரணத்த அங்க சொல்ல முடியாதுல்ல. அங்க உள்ளவங்க வேற காரணம் கண்டுபுடிக்கட்டும்."

கண்டுபிடித்தார்கள். ஒரு வருஷம் கழித்து நீலகிரியிலிருந்து அம்மா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை கிடைத்திருக்கிறது, இங்கே செய்த அதே கவ்வாத்து வேலை. முதலில் டவுனில் தபால் வேலைக்குக் கேட்டுப் பார்த்தானாம், சிலோன்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்களாம். குளிர் இங்கே போலத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தான். என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது: தங்கச்சி பள்ளிக்கூடத்துக்குப் போகிறாளா என்று.

போனேன். அதே தோட்டப் பள்ளிக்கூடம், அதே சின்ன வகுப்பு, அதே உதவி ஆசிரியை. பயிற்சிக் கல்லூரிக்கு நானாகவே ஒருமுறை படிவம் வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் கேட்டிருந்த நம்பரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். அம்மாவுக்கு அவன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பதிலை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், "நீ ஏதாச்சும் எழுதுறதுன்னா எழுது" என்றாள்.

பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உறையை ஒட்டிவிட்டேன்.